மூளைக் கட்டிகளை ஆராய்ந்த மேதை

மூளையில் கட்டி என்றாலே நமக்கு நடுக்கம் உண்டாகிறது. ஆனால் எல்லாக் கட்டிகளும் புற்றுநோய் அல்ல. இவ்வுண்மையைத் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் ஹார்வி குஷிங்.

இவர் 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு மருத்துவரின் பத்தாவது குழந்தையாகப் பிறந்தார். ஹார்வர்டில் பயின்று 1895-இல் மருத்துவரானார். அந்நாளில் மூளையில் அறுவை செய்யப்பட்டோரில் பிழைத்தவர் மிகச் சிலரே. குஷிங் மனந்தளரவில்லை. இரத்தப் பெருக்கை நிறுத்த 1911-இல் சிறு வெள்ளிக் கவ்விகளையும், 1926-இல் மின்சாரக் கருவியையும் கையாண்டார். அகற்றிய கட்டிகளை எறியாமல் சேமித்து ஆராய்ந்தார்.

மூளையின் உறையில் தோன்றும் கட்டிக்கு 1922-இல் மெனிஞ்சியோமா என்று பெயரிட்டார். இது பெரும்பாலும் சாதாரணக் கட்டி. மெல்ல வளரும், மூளையை அழுத்துமேயன்றி ஊடுருவாது. கிளையோமா எனப்படும் கட்டிகளுள் கொடியவையோ, வயலில் கோரை வேரோடுவதுபோல் மூளைக்குள்ளேயே பரவும். அவற்றை முழுவதும் களைவது அரிது. 1926-இல் டாக்டர் பெய்லியுடன் சேர்ந்து கிளையோமாக்களை வகைப்படுத்தினார்.

சாதாரணக் கட்டிதானே என்று அலட்சியமாக இருக்கலாமா? கூடாது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே எது வளர்ந்தாலும் மூளை நசுங்கும். தளபதி லியோனார்ட் உட்டின் மெனிஞ்சியோமாவைக் குஷிங் 1910-இல் அகற்றினார். அவர் நலமடைந்து பல்லாண்டு பணிபுரிந்தார். ஆனால் கட்டி மீண்டும் வளர்ந்தது. 1927-இல் மறுபடி அறுவை செய்தபோது அவர் உயிர் பிழைக்கவில்லை. அம்மரணம் குஷிங்கை மிகவும் வருத்தியது. ஆயினும் பணியை நிறுத்தாமல், 1931-இல் இரண்டாயிரமாவது மூளைக் கட்டி அறுவையைச் செய்து முடித்தார்.

தோழியரே, அவருக்குத் துணைநின்றவர் ஒரு பெண் என்பது நமக்குப் பெருமை! அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த லூயிஸ் ஐசன்ஹார்ட், பின்னர் மருத்துவம் படித்துக் கட்டிகளை ஆராயும் நிபுணரானார். இருவரும் எழுதிய மெனிஞ்சியோமா நூல் 1938-இல் வெளிவந்தது.

1939-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் குஷிங் இதய நோயால் காலமானார். பிறகு அவரது மூளையைச் சோதித்தபோது அதனுள்ளும் ஒரு சிறிய சாதாரணக் கட்டி இருந்தது! பிறருடைய கட்டிகளைத் தேடித் தேடி அகற்றியவர், தம்முள் இருந்ததை அறியாமலே வாழ்ந்துவிட்டார்.

கட்டி என்று கேட்டதும் அஞ்சி ஒளியவும் வேண்டாம். சாதாரணம் என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். காலத்தே மருத்துவரை நாடுவோம். குஷிங்கைப் போல் தோல்வியிலும் துவளாமல் உழைப்போம்.

– பத்தாம் வகுப்பு மாணவி