கோப்பைக்குப் பெயர் தந்த கைதி

போர்ச்சுக்கல் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு பெரிய கால்பந்துப் போட்டி நடக்கிறது. லீக் பட்டம் பெற்ற அணியும், நாட்டுக் கோப்பையை வென்ற அணியும் அதில் மோதும். ஜெயிக்கிற அணிக்குக் கிடைக்கும் கோப்பைக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்டி இருக்கிறார்கள். காண்டிடோ டி ஒலிவேரா என்பது அந்தப் பெயர்.

அவர் ராஜா அல்ல. மந்திரி அல்ல. கோடீசுவரரும் அல்ல. அநாதை விடுதியில் வளர்ந்தவர். தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். கடல் நடுவே இருந்த ஒரு கொடிய சிறையில் கைதியாகக் கிடந்தவர்.

அநாதைச் சிறுவன்

போர்ச்சுக்கல்லின் தென்பகுதியில் புரொண்டேரா என்று ஒரு சிற்றூர். அங்கே 1896-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி காண்டிடோ பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். தலைநகரான லிஸ்பனில் "காசா பியா" என்ற விடுதி இருந்தது. ஆதரவு இல்லாத பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, படிப்பும் தொழிலும் சொல்லிக் கொடுக்கும் பழமையான விடுதி அது. காண்டிடோ அங்கே சேர்ந்தார்.

அந்த விடுதியில்தான் அவர் பந்தை உதைக்கக் கற்றார்.

கால்பந்தில் முன்னால் நிற்பவர்கள் கோல் போடுவார்கள். பின்னால் நிற்பவர்கள் கோல் விழாமல் தடுப்பார்கள். நடுவில் நிற்பவருக்கோ இரண்டு வேலையும் உண்டு. எதிரியிடம் இருந்து பந்தைப் பறிக்கவேண்டும். பறித்த பந்தைத் தன் ஆளுக்குக் கொடுக்கவேண்டும். கைதட்டல் குறைவு, ஓட்டம் அதிகம். காண்டிடோ அந்த நடு இடத்தில் ஆடினார்.

புகழ் பெற்ற பென்பிகா அணியில் சில ஆண்டுகள் விளையாடினார். 1920-ல் விடுதியின் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, காசா பியா பெயரிலேயே ஒரு கழகம் தொடங்கினார்கள். காண்டிடோ அதில் முன்னணியில் நின்றார். பெரிய அணியை விட்டுவிட்டு, தன்னை வளர்த்த வீட்டின் பெயருக்காக ஆட வந்தார். முதல் ஆண்டிலேயே அந்த அணி லிஸ்பன் நகரப் பட்டத்தை வென்றது.

முதல் கேப்டன்

1921-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி. ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரம். போர்ச்சுக்கல் தேசிய அணி முதன்முதலாக வேறொரு நாட்டுடன் மோதியது. அந்த அணிக்குக் கேப்டன், அநாதை விடுதியில் வளர்ந்த காண்டிடோதான். அன்று 3-1 என்ற கோல் கணக்கில் போர்ச்சுக்கல் தோற்றது. தேசிய அணிக்காக அவர் ஆடியது அந்த ஒரே ஓர் ஆட்டம்தான்.

அந்தக் காலத்தில் பந்து விளையாடிக் குடும்பம் நடத்த முடியாது. பிழைப்புக்குத் தபால் இலாகா; மனசுக்குக் கால்பந்து என்று அவர் வாழ்ந்தார். ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்சியாளர் ஆனார். பத்திரிகைகளில் கட்டுரைகளும் எழுதினார்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அவருடைய பயிற்சியில் போர்ச்சுக்கல் அணி சிலி நாட்டை 4-2 என்றும், யூகோஸ்லாவியாவை 2-1 என்றும் தோற்கடித்தது. கால் இறுதியில் எகிப்திடம் 2-1 என்று தோற்றுத் திரும்பியது.

ரகசிய வேலை

1932-ல் சலாசார் போர்ச்சுக்கல்லின் பிரதமர் ஆனார். சர்வாதிகார ஆட்சி நடந்தது. எதிர்த்துப் பேசியவர்களை ரகசியப் போலீசு பிடித்துக்கொண்டு போயிற்று.

இரண்டாவது உலகப்போர் வந்தது. போர்ச்சுக்கல் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் ஹிட்லரின் படை எந்த நேரமும் உள்ளே நுழையலாம் என்ற பயம் இருந்தது. அப்படி நுழைந்தால் எதிர்த்து நிற்பதற்காகப் பிரிட்டிஷார் ரகசியமாக ஆள் சேர்த்தார்கள். காண்டிடோ அதில் சேர்ந்தார்.

அவருக்கு வேலை இருந்தது; பேர் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சும்மா இருக்க அவர் மனம் ஒப்பவில்லை.

1942-ல் ரகசியம் வெளிப்பட்டது. போலீசார் அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தார்கள். பிறகு கப்பலில் ஏற்றி நாடு கடத்தினார்கள்.

மெல்லச் சாகும் இடம்

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் கேப் வெர்டி தீவுகள் இருக்கின்றன. அப்போது அவை போர்ச்சுக்கல்லின் ஆட்சியில் இருந்தன. அங்கே தாரபால் என்ற இடத்தில், 1936-ல் ஒரு சிறை முகாம் திறந்தார்கள். மெல்லச் சாகும் முகாம் என்று அதற்குப் பெயர்.

தூக்குமரம் அங்கே தேவைப்படவில்லை. கெட்ட தண்ணீரும் மலேரியாக் காய்ச்சலும் கைதிகளைத் தின்றன. மருந்து கிடைக்காது. தண்டனை கொடுக்க ஜன்னல் இல்லாத ஒரு கான்கிரீட் அறை இருந்தது. வெயிலில் அது அடுப்புபோலக் கொதிக்கும். அதைக் கைதிகள் வறுவல் சட்டி என்று அழைத்தார்கள். அந்த முகாமில் 30-க்கு மேற்பட்ட கைதிகள் மாண்டார்கள்.

காண்டிடோ சாகவில்லை. 1944-ல் விடுதலையாகி ஊர் திரும்பினார்.

மீண்டும் எழுந்தார்

சிறையில் இருந்து வந்தவர் மூலையில் உட்காரவில்லை. நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு விளையாட்டுப் பத்திரிகை தொடங்கினார். 1945-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி முதல் இதழ் வெளிவந்தது. அதன் பெயர் "அ போலா". பந்து என்று அர்த்தம். பின்னாளில் அது நாளிதழாகவும் வளர்ந்தது.

பிறகு லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணியின் முன்வரிசையில் ஐந்து சூரர்கள் இருந்தார்கள். ஒரே கச்சேரியில் சேர்ந்து வாசிப்பதுபோல அவர்கள் இசைந்து ஆடியதால், ஐந்து வயலின்கள் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். அந்த அணி 1948-லும் 1949-லும் நாட்டின் லீக் பட்டத்தை வென்றது. 1948-ல் ஸ்போர்ட்டிங், பென்பிகா இரண்டும் தலா 41 புள்ளிகள் பெற்றன. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் கணக்கைப் பார்த்துப் பட்டம் ஸ்போர்ட்டிங்குக்குப் போயிற்று. பென்பிகாவின் பழைய வீரரே பென்பிகாவை முந்தினார்!

வெளிவராத புத்தகம்

1958-ல் சுவீடன் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. தன் பத்திரிகைக்குச் செய்தி எழுத காண்டிடோ அங்கே போனார். போன இடத்தில் நோய்வாய்ப்பட்டார். ஜூன் 23-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் காலமானார். அவருக்கு வயது 61. இறுதி ஆட்டத்துக்கு இன்னும் 6 நாட்களே இருந்தன.

அவர் ஒரு புத்தகமும் எழுதி வைத்திருந்தார். தாரபாலில் தானும் மற்றக் கைதிகளும் பட்ட பாட்டை எல்லாம் அதில் சொல்லி இருந்தார். சாவுச் சதுப்பு என்று அதற்குப் பெயர் கொடுத்திருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை அதை அச்சிட முடியவில்லை.

1974-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி போர்ச்சுக்கல்லில் ராணுவ வீரர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். சர்வாதிகாரம் ஒரே நாளில் சரிந்தது. ஜனங்கள் வீதிக்கு வந்து, வீரர்களின் துப்பாக்கி முனையில் பூக்களைச் செருகினார்கள். அதே ஆண்டில் காண்டிடோவின் புத்தகம் வெளிவந்தது.

எழுதியவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகி இருந்தன. ஆனால் அவர் சொல்ல நினைத்த உண்மை, அவரைச் சிறையில் அடைத்த ஆட்சியைவிட நீண்ட நாள் வாழ்ந்தது.