ஆறு அடித்துப் போனதும், மனிதன் கட்டியதும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மண்டித் தெருவில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவர்போல எழுந்து நிற்கும். மலைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் மழை கொட்டும். இப்பால் மானாவாரி நிலம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அதே மலைத்தொடர் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்று தெற்கே நீள்கிறது. குமுளிக்கு அப்பால், பெரியாறு ஓடும் காட்டில் அணை கட்டியவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக். அவர் பெயரை இப்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

அவர் 1841 ஜனவரி 15-ந் தேதி புனாவில் பிறந்தார். எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தபோது, பஞ்சாபில் சிலியன்வாலா போர்க்களத்தில் தகப்பனார் மாண்டார். தந்தையின் உடலைக் காத்து நின்ற அண்ணன் அலெக்சாண்டரும் அங்கேயே உயிர்விட்டான். அவனுக்கு வயது பதினேழு! ஒரே நாளில் இரண்டு சாவு கண்ட அந்த வீட்டுப் பிள்ளை, தானும் ராணுவக் கல்லூரியில் படித்து, 1860-ல் இஞ்சினீயராக இந்தியாவுக்கே திரும்பி வந்தார்.

மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை புதிதல்ல. ராமநாதபுரம் சமஸ்தானத்து மந்திரி முத்திருளப்ப பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அதை நினைத்தவர். பணம் இல்லாமல் அது நின்றுபோயிற்று. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாய் மடிந்த பிறகுதான் சர்க்காருக்கு வேகம் பிறந்தது. 1882-ல் திட்டம் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. திருவிதாங்கூருடன் 1886-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறுவருஷம் வேலை துவங்கியது.

அஸ்திவாரம் தோண்ட வேண்டுமானால் முதலில் ஆற்றை ஒதுக்க வேண்டும். அதற்காகத் தடுப்பணை போட்டார்கள். மழை வந்தது, தடுப்பணை போயிற்று. மறுபடி போட்டார்கள், மறுபடியும் போயிற்று. பல நாள் பாடு ஒரு ராத்திரியில் காணாமற்போனால் மனிதனுக்கு என்ன தோன்றும்? போதும் என்றுதான் தோன்றும். பென்னிகுயிக்கும் அவருடைய ஆட்களும் தண்ணீர் வடியக் காத்திருந்து, வடிந்ததும் அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். 62 லட்சம் ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 80 லட்சத்தையும் தாண்டிற்று.

கரைந்த சுண்ணாம்பையும் சுர்க்கியையும் மறுபடி குழைத்துவிடலாம். காட்டுக் காய்ச்சல் கொண்டுபோன உயிர்களை என்ன செய்வது? நோயில் மாண்டவர்கள் 483 பேர் என்று பழைய கணக்கு சொல்கிறது. அணைக்கு அருகே கல்லறைகள் இருக்கின்றன. பென்னிகுயிக்கைப் புகழும்போது, கல் சுமந்த இந்தக் கூலிக்காரர்களை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அணை அவர்களுடையதுந்தான்.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். சுமார் ஒரு மைல் நீளச் சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் மலையைத் துளைத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் கலந்து மதுரைப் பக்கத்து வயல்களுக்குப் போயிற்று.

வெள்ளம் வந்தபோது சர்க்கார் கைவிரித்ததாகவும், சீமையில் இருந்த சொத்தை விற்றுப் பென்னிகுயிக்கே அணையைக் கட்டி முடித்ததாகவும் கிராமங்களில் கதை உண்டு. தஸ்தாவேஜுகளைப் பார்த்தால் அணை சர்க்கார் பணத்தில்தான் எழுந்திருக்கிறது. ஆனாலும் இப்படி ஒரு கதை பிறக்க வேண்டுமானால் ஜனங்கள் அந்த மனிதரிடம் எதையோ கண்டிருக்க வேண்டும்.

அணை முடிந்ததும் அவர் அதன் நிழலில் உட்கார்ந்துவிடவில்லை. சீமைக்குத் திரும்பி, கூப்பர்ஸ் ஹில்லில் இஞ்சினீயரிங் கல்லூரித் தலைவரானார். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் புது உத்தியோகம்! 1899-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தார், தங்கள் ஊரின் வெள்ளத்தைத் தடுக்க அவரிடம் யோசனை கேட்டார்கள். வெள்ளத்திடம் அத்தனை முறை தோற்றவரைவிட வேறு யாரைக் கேட்பது?

1911 மார்ச் 9-ந் தேதி இங்கிலாந்தில் கேம்பர்லியில் காலமானார். மலையடிவாரத்தில் லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. அவர் பிறந்தநாளும் தைப்பொங்கலும் பெரும்பாலும் ஒரே நாளில் வரும். அன்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கலிடுகிறார்கள்.