கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

கதிர்காமக் கந்தனைத் தரிசிக்கச் செல்லும் எம்மவர் பலர் வெல்லவாய வழியாகப் போய் வருகின்றனர். அவ்வூருக்கு அப்பால் சில மைல் தொலைவிலே, புதுருவகல என்னும் இடத்தில், ஒரே பாறையிற் செதுக்கப்பட்ட ஏழு திருவுருவங்கள் நிற்கின்றன. நடுவிலுள்ள புத்தர் சிலை 50 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என ஆராய்ச்சியாளர் கருதும் அவ்வுருவங்களைச் செதுக்கிய சிற்பி யார்? அவன் தன் பெயரைப் பொறித்து வைக்கவில்லை. பண்டாரவளைக்கு அருகே தோவ விகாரையில் முற்றுப்பெறாது நிற்கும் பாறைச் சிலையின் கதையும் அதுவே. வேலையை விட்டுச் சென்று பெயரை விட்டுச் செல்லாத அக்கலைஞரின் உள்ளத்தை உலகுக்கு எடுத்து விளக்கிய பெரியார் ஒருவர் நம் நாட்டிலே பிறந்தார். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அன்னாரின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர்வது நமது கடமையெனக் கருதுகிறோம்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. ஆங்கில நாட்டில் பரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்து என்ற பெருமைக்குரியவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கியவரும், பாளி மொழியிலுள்ள சுத்த நிபாதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய இருவரும் அவருடைய மருமக்கள். தாயார் எலிசபெத் அம்மையார் இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தைச் சேர்ந்தவர். குழந்தைக்கு இரண்டு வயதும் நிறையுமுன், 1879இல் தந்தையார் காலமானார். தாயாரின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே குழந்தை வளர்ந்தது. தமிழ்த் தந்தையின் மகன், தமிழ் ஒலி கேளாத சூழலிற் படித்து ஆளானான்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று, 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக நியமனம் பெற்றுத் தாய்நாடு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறுதான். நமது ஊவாவின் எல்லைக்கு அப்பால் உள்ள பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த தோரியனைட் என்னும் கதிர்வீச்சுக் கனிமத்தை 1904இல் உலகம் அறிந்துகொண்டது அவருடைய ஆராய்ச்சியாலேயே. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் அளித்தது.

பாறைகளைப் பரிசோதிக்கக் கிராமந்தோறும் சென்றவரின் கண்களிலே வேறு காட்சிகள் பட்டன. கண்டி நாட்டுக் கிராமங்களிலே தச்சரும், கன்னாரும், நெசவாளரும், பாய் பின்னுவோரும், விகாரைச் சுவரில் சித்திரம் தீட்டுவோரும் பரம்பரைத் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லசையிலும் மூண்ட கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வீடுகளும் வயல்களும் அழிக்கப்பட்டன. கலைஞரை ஆதரித்த அரசும் இல்லை. பிரதானிகளின் செல்வாக்கும் குன்றியது. கப்பலில் வந்திறங்கிய மலிவான துணியும் சாயமும் எஞ்சியதையும் விழுங்கின.

இதைக் கண்ட இளைஞர் மனம் பதைத்தார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுமாறு வேண்டிக் கண்டிப் பிரதானிகளுக்கு 1905இல் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே ஆண்டிலே இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அவரே அதன் தலைவரானார். மேல்நாட்டு நடையுடை பாவனைகளைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். பிள்ளைகள் தமிழும் சிங்களமும் கற்க வேண்டும். நம் கைத்தொழில்களைப் பேண வேண்டும். இவற்றையே அவர் இடைவிடாது வற்புறுத்தினார். ஆங்கிலத் தாய்க்குப் பிறந்து ஆங்கில நாட்டில் வளர்ந்த ஒருவர் இவற்றைச் சொன்னபோது, ஆங்கிலேயரைப் போல வாழ்வதே நாகரிகம் என்று எண்ணியிருந்த நம்மவர் திகைத்தனர்.

சொல்லோடு அவர் நிற்கவில்லை. துணைவியார் எதெல் அம்மையார் புகைப்படம் எடுத்து உதவ, கிராமக் கைவினைஞரின் அருகே அமர்ந்து, அவர்கள் கருவிகளின் பெயர்களையும், வேலைமுறைகளையும், அளவுகளையும், சடங்குகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளே 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலாக மலர்ந்தன. ஆங்கிலக் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலே, தமது மேற்பார்வையில், 425 பிரதிகளே அச்சிட்டார். கையால் உழைப்பவரின் பெருமையைச் சொல்லும் நூல் கைவேலையாகவே வெளிவந்தது.

அவர் கண்ட உண்மைதான் என்ன? கலை என்பது செல்வந்தர் மாளிகையிலே தொங்கும் அலங்காரமன்று. ஒரு சமூகம் தன் நம்பிக்கையையும், துயரத்தையும், நன்றியையும் தன் கைகளாற் சொல்லும் மொழியே கலை. உழுவதும், பானை வனைவதும், கோயில் கட்டுவதும் செம்மையாகச் செய்யப்படும்போது கலையே ஆகின்றன. கலைஞன் என்று ஒரு தனிப் பிறவி இல்லை. தன் தொழிலை வழிபாடாகச் செய்யும் எவனும் கலைஞனே.

இக்கருத்தை மனத்திற்கொண்டு உலகை நோக்குவோமாக. ஸ்பெயின் தேசத்து அல்தாமிரா குகையிலே ஆதிமனிதன் தீட்டிய காட்டெருமைகள் 1879இல் கண்டுபிடிக்கப்பட்டன. காட்டுமனிதனுக்கு இத்தனை ஆற்றலா என்று ஐயுற்ற அறிஞர் உலகம் அவற்றை ஒப்புக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நமது நாட்டு வேடரும் தாம் தங்கிய குகைகளின் சுவர்களிலே சாம்பலைக் குழைத்து மனிதரையும் விலங்குகளையும் வரைந்தனர். அந்தக் குகைக்கும், நம் வாசலில் தாய்மார் இடும் கோலத்துக்கும், 2019ஆம் ஆண்டு இறுதியில் நாடெங்கும் இளைஞர் வீதி மதில்களில் வரைந்த ஓவியங்களுக்கும் இடையே ஒரே நூல் ஓடுகின்றது. சுவர் மாறியது, வண்ணம் மாறியது, தன் உள்ளத்தைப் பிறர் காணத் தீட்டவேண்டும் என்ற வேட்கை மாறவில்லை.

சைவர்களாகிய நாம் குமாரசுவாமிக்கு வேறொரு கடனும் பட்டுள்ளோம். நடராஜப் பெருமானின் திருவுருவத்தைப் பார்த்த மேல்நாட்டார், பல கைகளுடைய விசித்திர பொம்மை என்றே பெரும்பாலும் எண்ணினர். அவர் 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'சித்தாந்த தீபிகை'யில் சிவநடனம் பற்றி எழுதிய கட்டுரை அவ்வெண்ணத்தை மாற்றத் தொடங்கியது. உடுக்கை படைத்தலையும், அபயகரம் காத்தலையும், கையில் ஏந்திய தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய பாதம் அருளலையும் உணர்த்துவதைச் சைவ சித்தாந்த நூல்களின் வழிநின்று விளக்கினார். 1918இல் நியூயோர்க்கில் அது நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. 2004ஆம் ஆண்டு ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு இந்திய அரசு நடராஜர் சிலையொன்றை வழங்கியபோது, அதன் பீடத்திலே குமாரசுவாமியின் சொற்களே இடம்பெற்றன. கல்லை ஆராய வந்த விஞ்ஞானிக்கு விஞ்ஞானிகளே செய்த மரியாதை இது.

தாம் திரட்டிய அரும்பெரும் ஓவியங்களையும் சிற்பங்களையும் காசி நகரில் ஒரு தேசிய நூதனசாலை அமைப்பதற்குக் கொடுக்க முன்வந்தார். அதற்கான பொருளுதவி கிட்டவில்லை. ஆகவே, 1917இல் அச்சேகரிப்பு அமெரிக்காவின் பொஸ்டன் நகர நூதனசாலையை அடைந்தது. அவரும் அதன் இந்தியக் கலைப் பகுதிக்குப் பொறுப்பாளராகச் சென்றார். முப்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்து, இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு முதலாகப் பல நூல்களை யாத்தார். ஆயினும் நூதனசாலையிலே வாழ்ந்த அவர், அங்குள்ள பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்டவையல்ல, வழிபடவும் வாழ்க்கையிற் பயன்படவும் செய்யப்பட்டவை என்பதை ஒருநாளும் மறக்கவில்லை. ஓய்வு பெற்றபின் இந்தியா திரும்பி அமைதியாக வாழ விரும்பினார். இந்தியா சுதந்திரம் பெற்ற சில வாரங்களில், 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி, அவ்விருப்பம் நிறைவேறாமலே காலமானார்.

இப்பெரியாரின் எல்லாக் கருத்துகளையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழைய சமுதாய அமைப்பையும் குலத்தொழில் முறையையும் அவர் பெரிதும் போற்றினார். தோட்டத்து வாழ்க்கையை அறிந்த நமக்கு அதன் மறுபக்கமும் தெரியும். தப்பு முழங்காவிட்டால் திருவிழா இல்லை, சாவீட்டுச் சடங்கும் இல்லை. ஆனால் அதை முழக்கியவனைத் தள்ளி நிறுத்தி வைத்தோம். கலையைப் போற்றிக் கலைஞனை இழிவு செய்த அந்தக் குற்றத்தை நாம் ஒப்புக்கொண்டு திருந்தவேண்டும். இல்லையேல் கலையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.

மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்போம். அவருடைய பெருநூல் கண்டி நாட்டுச் சிங்களக் கைவினைஞரைப் பற்றியது. நம் லயங்கள் அதன் பொருளன்று. மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, இரதி மன்மதன் வேடம் கட்டி, விடிய விடிய ஆடும் காமன் கூத்து நம்முடையது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் நம்முடையவை. கடல் கடந்து வந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சில் அதிகம் கொண்டுவரவில்லை. இவற்றை நெஞ்சிலே கொண்டுவந்தனர். நாள் முழுதும் மலைச்சரிவில் உழைத்த கைகளே இரவிலே வேடம் புனைந்தன. எழுத்தறியாத வாத்தியார்கள் நூற்றுக்கணக்கான பாடல்களை மனத்திலிருந்தே கற்பித்தனர். ஒரு கூத்து வாத்தியார் கண் மூடும்போது, எழுதிவைக்கப்படாத ஒரு நூல் அவருடன் சேர்ந்தே எரிந்துபோகிறது.

இவற்றை எழுதி வைக்க மற்றொரு குமாரசுவாமி பிறந்து வரட்டும் என்று காத்திருக்கலாமா? அவரும் இருபத்தாறு வயது இளைஞராகவே இத்தொண்டைத் தொடங்கினார் என்பதை நம் சங்கத்து இளைஞர் மனத்தில் இருத்துவார்களாக. அவர் செய்தது மந்திரமன்று. கிராமத்துக்கு நடந்தார், பணிவுடன் அமர்ந்தார், கேட்டார், எழுதினார். வருகிற மாசியில் காமன் பொட்டலுக்குப் போகும் தம்பிமாரும் தங்கைமாரும் ஒரு குறிப்புப் புத்தகமும் கையோடு எடுத்துச் செல்லட்டும். வாத்தியாரின் பெயரையும், அவருக்குக் கற்பித்தவரின் பெயரையும் முதலில் எழுதட்டும். பாடல்களைப் பதிவு செய்யக் கைத்தொலைபேசியே இன்று போதும். பெரியவர்களும் வாய் திறந்து, தாம் அறிந்ததைக் கூச்சமின்றிச் சொல்லித் தரட்டும்.

புதுருவகலச் சிற்பியின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. நம் தோட்டத்துக் கூத்து வாத்தியார் பெயராவது நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். கலாயோகிக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகுக.