குண்டு துளைத்த குரல்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் ரயிலில் கொல்லங்கோட்டில் இறங்கினால் வடவனூர் அதிக தூரமில்லை. எம்.ஜி.ஆரின் தாயார் சத்யபாமா அம்மையார் வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. 2019-ல் அது நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. நாம் பிழைக்க வந்த இம்மண்ணுக்கும் அவருக்கும் உள்ள உறவு அது.

எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17-ல் இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை கோபால மேனன் காலமானார். குடும்பம் கும்பகோணம் வந்து சேர்ந்தது. வறுமையால் படிப்பு நின்றது. நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் திரைக்கு வந்தார். நடிகனுக்குக் குரலே முதல். அந்த முதலுக்குத்தான் 1967-ல் ஆபத்து வந்தது.

அவ்வாண்டு ஜனவரி 12 மாலை, ராமாவரம் இல்லத்துக்குப் பேச வந்த நடிகர் எம்.ஆர். ராதா துப்பாக்கியால் சுட்டார். குண்டு இடது காதோரம் பாய்ந்து கழுத்துக்குள் தங்கியது. ராதாவும் கழுத்தில் குண்டுக் காயம் அடைந்தார். பின்னர் தண்டனை பெற்றுச் சிறை சென்றார்.

மூச்சுக்குழல், உணவுக்குழல், பெரிய ரத்தக் குழாய்கள், குரலை இயக்கும் நரம்புகள் யாவும் கழுத்தில் நெருங்கியிருக்கின்றன. அங்கே அடிபட்டு வீங்கி மூச்சு அடைத்தால், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலைத் திறந்து குழாய் வைத்தே மருத்துவர்கள் உயிர் காக்க நேரும். அவ்வளவு ஆபத்தான இடம்.

ராயப்பேட்டை மருத்துவமனையிலிருந்து சென்னைப் பொது மருத்துவமனைக்கு எம்.ஜி.ஆரைக் கொண்டு சென்றனர். அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, பழைய குரல் திரும்பவில்லை.

கழுத்துக் கட்டுடன் அவர் இருந்த படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவ்வாண்டே 'காவல்காரன்' வெளிவந்தது. குண்டடிக்கு முன் எடுத்த காட்சியில் ஒரு குரல், பின் எடுத்த காட்சியில் வேறு குரல். ஆயினும் இரவல் குரல் தேடாமல் தம் குரலிலேயே பேசி நடித்தார். மக்கள் ஏற்றார்கள்.

1972-ல் தனிக்கட்சி கண்டார், 1977-ல் முதல்வரானார். 1982-ல் சத்துணவுத் திட்டம் தந்தார். 1984 அக்டோபரில் பக்கவாதம் தாக்கிப் பேச்சு மீண்டும் தடுமாறியது. அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோதே ஆண்டிப்பட்டியில் வெற்றி பெற்றார். ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை. 1987 டிசம்பர் 24-ல் மறைந்தார்.

கணீரென்ற குரலால் புகழ் பெற்றவர் பலருண்டு. உடைந்த குரலோடு இருபது ஆண்டுகள் மக்கள் மனதில் நின்றவர் எம்.ஜி.ஆர்.