பல்வாங்கர் பாலு: திறமையை ஏற்றவர்கள், தலைமையை மறுத்தார்கள்

முத்தையாபுரம் உப்பளங்களை ஒட்டிய திடல்களில் கிரிக்கெட் ஆடும் ஒவ்வோர் இளைஞரும் அறிய வேண்டிய பெயர் பல்வாங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளராகிய அவர் ஒரு தலித்.

1876இல் தார்வாடில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதியில் பிறந்தார். புனேயில் ஐரோப்பியர் மன்றத்தில் திடலைப் பராமரிக்கும் கூலியாளாகச் சேர்ந்தார். பயிற்சியில் பந்து வீசலாம். மட்டை பிடிப்பது துரைமார்களின் உரிமை. பின்னர், வெள்ளையரை வெல்ல விரும்பிய புனே இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தனர். ஆடுகளத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்களே, இடைவேளையில் அவருக்கு வெளியே மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். உணவுக்கும் தனி இடம்.

1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் தலைமை கிட்டவில்லை. 1920இல் அவர் நீக்கப்பட்டு, தம்பியரும் தலைமைக்குப் புறக்கணிக்கப்பட்டபோது, சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். எதிர்ப்பு வலுக்கவே, இறுதி ஆட்டத்தில் பாலு துணைத்தலைவராக்கப்பட்டார். 1923இல் விட்டல் தலைவரானார். அந்த மரியாதை அருளால் வந்ததன்று, போராடிப் பெற்றது.

அமெரிக்காவில் 1884இல் டொலிடோ பேஸ்பால் அணியின் கேட்சராக ஆடிய கறுப்பினத்தவர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். அவர் காட்டிய சைகைகளைச் சொந்த அணியின் பந்துவீச்சாளரே புறக்கணித்தார். விரைவிலேயே கறுப்பினத்தவர்க்கு மூடப்பட்ட முதன்மை லீக்குகளின் கதவு, 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை திறக்கவில்லை. அங்கே நிறவெறி வாயிலை அடைத்தது. இங்கே சாதி உள்ளே விட்டு உழைப்பை வாங்கிக்கொண்டு, சமத்துவத்தை மறுத்தது.

பாலுவின் அரசியல் நம்மைச் சங்கடப்படுத்தக்கூடும். இளமையில் அவரைப் போற்றிய அம்பேத்கரின் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கையை, 1932இல் சென்னையின் எம்.சி. ராஜாவைப் போலவே அவரும் எதிர்த்தார். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். இந்து அணிக்குள் போராடி இடம்பெற்ற அவர், இந்து சமூகத்துக்குள்ளும் அது இயலும் என நம்பியிருக்கலாம். ஆனால் மாபெரும் பந்துவீச்சாளருக்கே தலைமையைத் தராத சமூகம், பெயரறியாத கோடிக்கணக்கானோருக்கு எதைத் தானாகத் தந்திருக்கும்? அம்பேத்கர் கேட்டது அதற்கான அரசியல் உத்தரவாதத்தையே.

1955இல் பாலு மறைந்தார். அவரைக் கொண்டாடுவோம், அவர் நம்பிக்கையை அவர் வாழ்வைக் கொண்டே மதிப்பிடுவோம்.