கதர் வளர்த்த காந்தியடிகள்

தாம் கண்ணாற் கண்டிராத ஒரு கருவியே நாட்டின் வறுமையைப் போக்குமென ஒருவர் நம்பினார் என்றால் வியப்பன்றோ? 1909ஆம் ஆண்டில் தமது சுயராஜ்ய நூலை எழுதியபோது காந்தியடிகள் இராட்டையைப் பார்த்ததேயில்லை.

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் தோன்றிய அடிகள், 1893இல் தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் வழக்கிற்கு உதவத் தென்னாபிரிக்கா சென்றார். 1915இல் தாயகம் மீண்டு, அகமதாபாத்தில் ஆச்சிரமம் அமைத்துத் தறிகளை நிறுவினார். ஆனால் நெய்வதற்கு வேண்டிய நூலோ ஆலையிலிருந்தே வந்தது. தறி நமதாயினும் நூல் பிறருடையதாயின் நெசவாளன் ஆலைக்கு அடிமையே என்பதை அடிகள் உணர்ந்தார்.

இராட்டையைத் தேடும் பணியைக் கங்காபென் அம்மையார் ஏற்றார். பல ஊர் அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் அதனைக் கண்டார். அங்கே அது பயனற்ற பொருளாய்ப் பரண்மேற் கிடந்தது. பஞ்சுப்பட்டை தந்து, நூற்ற நூலை வாங்குவாருமிருந்தால் மீண்டும் நூற்போம் என்றனர் அவ்வூரார். பம்பாய் ஆலை முதலாளி உமர் சோபானி பஞ்சுப்பட்டை அனுப்பி உதவினார். பின்னர் ஆலையின் பட்டையும் வேண்டாமென அடிகள் துணிய, பஞ்சு கொட்டுவோரையும் அம்மையாரே தேடிக்கொண்டார். இவ்வாறு ஓர் இந்து மாதின் உழைப்பும் ஒரு முஸ்லிம் அன்பரின் உதவியும் சேர்ந்தே கதர் பிறந்தது.

1921 செப்டம்பரில் மதுரையில், ஏழைகளின் நிலை கண்டு, அடிகள் அரைத்துண்டே தம் உடையெனக் கொண்டார். 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் நிறுவப்பெற்றது. 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு எழுந்தருளி, மாணவர் காங்கிரசின் அழைப்பையேற்று யாழ்ப்பாணமும் சென்றார். 1948 ஜனவரி 30இல் அடிகள் மறைந்தார்.

அடிகளின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? வாங்குவார் இல்லாமையாலேயே இராட்டை பரண் ஏறிற்று. வாங்குவார் வந்ததும் இறங்கி வந்தது. கல்முனைக்கு வடக்கே, நமக்கு அயலிலுள்ள மருதமுனையில் முஸ்லிம் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்து வருகின்றனர். 2004இன் கடற்கோள் அவ்வூரையும் தாக்கிற்று. நூலுக்கோ இன்றும் பெரும்பாலும் பிறநாடுகளையே நம்பவேண்டியுள்ளது. போதாக்குறைக்கு, மலிவான ஆலைத்துணி கடைதோறும் குவிந்து கிடக்கின்றது.

நூல் நூற்கும் வல்லமை இன்று நம்மிடம் இல்லாதிருக்கலாம். வாங்கும் வல்லமை உண்டு. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புத்தாடை எடுக்கும் நாம், அவற்றுள் ஒன்றையேனும் மருதமுனைத் தறியிலிருந்து எடுப்போமாக. அடிகளின் படத்திற்கு மாலை சூட்டுவதினும் அதுவே மேலான அஞ்சலியாகும்.