சூரியனை அளந்தவர் – ஜான் எவர்ஷெட்

 

கொடைக்கானல் போனா ஏரியில படகு விடுறோம், மக்காச்சோளம் வாங்கித் தின்கிறோம். அதே மலையில் 2,343 மீட்டர் உயரத்தில், 1899-ல் இருந்து சூரியனை ஆராயும் ஒரு கூடம் இருக்கிறது. அங்கே இருந்தவர்தான் ஜான் எவர்ஷெட்.

இவர் 1864-ல் இங்கிலாந்தில் பிறந்தார். பார்த்தது வேதியியல் வேலை. சூரியன் மேல் இருந்தது சொந்த ஆசை. 1906-ல் மேரி என்ற வானியல் அறிஞரை மணந்தார். 1907-ல் இரண்டு பேரும் கொடைக்கானல் வந்தாங்க.

மலைப் பாதையில் ஹாரன் அடிச்சுக்கிட்டே பஸ் வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் குரல் இறங்கிடும். ஒளியும் அப்படித்தான். நம்மை நோக்கி வந்தால் நீலப் பக்கம் கொஞ்சம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். சூரியப் புள்ளியில் வாயு சுழலும் என்று நினைத்து, 1909 ஜனவரி 5-ல் எவர்ஷெட் படம் எடுத்துப் பார்த்தார். சுழலவே இல்லை! நடுவில் இருந்து வெளிப்பக்கமா, வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. இதற்கு உலகம் முழுக்க எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

அதே காலத்தில் ஐன்ஸ்டீன் வேறு வழியில் போனார். 1905-ல் இரண்டே விதிகளை வைத்துத் தொடங்கினார். சீரான வேகத்தில் நேராகப் போகிற எல்லாருக்கும் இயற்கை விதி ஒன்றுதான். ஒளியின் வேகமும் எல்லாருக்கும் ஒன்றுதான். 1910-ல் இக்னடோவ்ஸ்கி என்பவர், முதல் விதியில் இருந்தே பெரும்பாலும் வந்துவிடலாம் என்று காட்டினார். ஆனால் அதில் ஒரு வேகம் மட்டும் தெரியாமல் நிற்கும். அது எவ்வளவு என்று அளந்துதான் கண்டுபிடிக்கணும். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. எந்த விதியில் தொடங்கினாலும் அளக்க ஒரு ஆள் வேணும்!

பிறகு ஐன்ஸ்டீன், சூரியனின் ஈர்ப்பை விட்டு வரும் ஒளி பத்து லட்சத்தில் இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகரணும் என்றார். எவர்ஷெட் உடனே நம்பவில்லை. பூமிதான் சூரிய வாயுவைத் தள்ளுகிறதோ என்று சந்தேகப்பட்டார். நமக்குத் தெரியாத சூரியனின் மறுபக்க ஒளி வெள்ளிக் கிரகத்தில் பட்டுத் திரும்பி வருமே, அதையும் அளந்தார். முதலில் தன் சந்தேகம் சரி என்றே அவருக்குப் பட்டது. ஆனாலும் விடாமல் அளந்தார். கடைசியில் தன் கருத்தை விட்டுவிட்டு ஐன்ஸ்டீன் பக்கம் வந்தார். 1922-ல் கிரகணம் பார்க்க ஆஸ்திரேலியா போனது மட்டும் கருவிக் கோளாறால் வீணாப்போச்சு, பாவம்.

மேரியும் கூடவே உழைத்தாங்க. சூரியனில் எழும் தீப்பிழம்புகள் பற்றி 1917-ல் வந்த ஆய்வில் இரண்டு பேர் பெயரும் உண்டு. ஆனால் இயக்குநர் பதவி அவருக்குத்தான், 1911 முதல் 1923 வரை.

ஓய்வு பெற்று ஊருக்குப் போனவர் அங்கேயும் சொந்தமா ஒரு ஆய்வுக்கூடம் கட்டி, சூரியனையே பார்த்துக்கிட்டு இருந்தார். 1956-ல் இறந்தபோது வயது 92.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி